விசை லேசான நாள்

பழைய போர்வைத் துண்டை நவ்ஃபா தரையில் விரித்ததும் அவள் கணவர் முத்லக் மெத்தையிலிருந்து இறங்கி, அவளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் ரிவால்வரின் சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களை மடியில் கொட்டிக்கொண்டாள். காலியான அறைகளில் ஒவ்வொன்றாகச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுத்தாள்.

எல்லைக் காவலில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர். கரக் மலைமேல் அவர் குறி தவறிப் பார்த்தவர் யாருமில்லை. இப்போது அந்த வலது கை அவர் பேச்சைக் கேட்பதில்லை. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை முத்லக் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, பிடியின் திருகாணி அவர் விரலிலிருந்து நழுவி அடுப்புக்கடியில் ஓடிவிட்டது. நவ்ஃபா குப்புறப் படுத்துத் தேடி எடுத்தாள். எடுத்ததை அவரிடம் நீட்டாமல் தானே மாட்டினாள். அதிலிருந்து வியாழக்கிழமைதோறும் துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் வேலை அவளுடையதாகிவிட்டது.

முதல் தடவை குழலுக்குச் சமையலறை எண்ணெயைத் தடவிவிட்டாள். "இது என்ன கோழியா, ஒலிவ எண்ணெய் தடவி அடுப்புல வைக்க?" என்று அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடுவரை கேட்டது. இப்போதெல்லாம் அப்படிச் சிரிப்பதும் குறைந்துவிட்டது.

மரப்பிடி இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தாள். கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தாள். துணி கொஞ்சம் கறுத்து வந்தது. பிரஷ்ஷைச் சிலிண்டரின் அறைக்குள் விட்டுத் திருகும்போது வாசல் கதவு திறந்தது.

முத்லக் சட்டென்று அவள் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கினார். "எத்தனை வாட்டி சொல்றது, இதைத் தொடாதேன்னு?"

உள்ளே வந்தவள் அவருடைய தங்கை கத்ரா. அடுத்த வீடுதான், தட்டிவிட்டு வரும் பழக்கம் கிடையாது.

"அண்ணே, பொம்பளையைத் துப்பாக்கிப் பக்கத்துல விடாதே. ஒரு நாள் உன்னையே கழட்டிப் போட்டுடுவா."

"அதெல்லாம் கல்யாணத்தன்னைக்கே கழட்டிட்டா. மாட்டத்தான் மறந்துட்டா," என்றார் முத்லக். நடுங்கும் கையை முழங்காலுக்கடியில் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

கத்ரா உட்காரவில்லை. மறுநாள் ஸாமிலின் கல்யாண விருந்து. முத்லக்கின் ஒரே மகன். ஆடுகள் அறுபட்டு, மோர்க்கட்டிகள் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன.

"பொண்ணு வீட்டுல இப்பவே பேச்சு. மாப்பிள்ளையோட அப்பன் மொதல்ல வானத்தைப் பார்த்துச் சுடணும், அதுதான் அவங்களுக்கு மரியாதை. நீ சுடலேன்னா, இந்தச் சம்பந்தம் நமக்குப் புடிக்கலேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவாங்க."

"என் மகனுக்கு நான் சுடாம வேற எவன் சுடுவான்?"

கத்ரா போனாள். நவ்ஃபா பிரஷ்ஷைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அபூ ஸாமில், உங்க தம்பி சுடட்டுமே."

"பேசாம வேலையைப் பாரு, உம்மு ஸாமில்." மகன் பிறந்ததிலிருந்து ஸாமிலின் அப்பா, ஸாமிலின் அம்மா என்றுதான் இருவரும் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"போன கோடையில கல்யாணத்துல சுட்ட குண்டு பட்டுச் செத்த அந்தப் பொண்ணு மாடியில நின்னுதான் வேடிக்கை பார்த்துச்சு. சுட்டவனுக்குக் கைகூட நடுங்கலை. யாரோ தோள்ல இடிச்சாங்க, அவ்வளவுதான். அவனைப் பழிவாங்காம இருக்கத் தவணை கேக்க நீங்கதானே முன்னால போனீங்க? அந்த வீட்டுல வச்ச காப்பியைத் தொடாம எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

முத்லக் சுவரைப் பார்த்தார். கேட்டது கிடைக்கும்வரை அந்தக் காப்பியை யாரும் தொடுவதில்லை. அன்று பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் வாய் திறக்கவே இல்லை. காப்பி ஆறி, அடியில் வண்டல் தங்கிவிட்டது.

"நான் வேற, அவன் வேற," என்றார் கடைசியில். தொழுகைக்குக் கைகால் கழுவ எழுந்து போனார்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நவ்ஃபா துப்பாக்கியை மாட்டத் தொடங்கினாள். பிடியின் முன்பக்கம் கீழே ஒரு சின்னத் திருகாணி உண்டு. உள்ளேயிருக்கும் பட்டை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிப்பது அதுதான். அது தளர்ந்தாலும் விசையை இழுத்தால் சுத்தியல் விழும், சத்தமும் கேட்கும். ஆனால் தோட்டாவின் அடியில் அடி பலமாகப் படாது. இதை அவர்தான் எப்போதோ சொல்லியிருந்தார். அவள் திருப்புளியை வைத்து இரண்டு சுற்றுத் தளர்த்தினாள். மேலே மரப்பிடியை மாட்டித் துணியால் துடைத்தாள். நாளைக்கு வெடிக்காது. துப்பாக்கி கிழடாகிவிட்டது என்பார்கள். அவரைச் சொல்ல மாட்டார்கள்.

தொழுது முடித்து வந்தவர் வழக்கம்போல் காலி ரிவால்வரைச் சுவரை நோக்கிப் பிடித்து விசையை இழுத்தார். இந்த வருடம் முழுக்க அதற்கு அவருக்கு இரண்டு விரல் தேவைப்பட்டது. இன்று ஒரே விரலில் வந்துவிட்டது. அவர் நின்றார். மறுபடி இழுத்தார். மறுபடியும்.

"நவ்ஃபா."

பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடங்களாகிவிட்டன.

"பாத்தியா? லேசா வருது. அந்தப் புது மாத்திரை வேலை செய்யுது. கைக்குப் பலம் வந்துடுச்சு." அவர் முகம் ஸாமில் பிறந்த அன்று இருந்ததுபோல் இருந்தது. "நாளைக்கு ஒண்ணு இல்லை, ஆறையும் போடுறேன்."

நவ்ஃபா மடியிலிருந்த தோட்டாக்களைக் கையால் மூடினாள். லேசாக அடித்தாலும் ஆறில் ஒன்று வெடித்துத் தொலைத்தால்? வெடிக்கவில்லை என்று அவர் துப்பாக்கியைக் கூட்டத்துக்கு நடுவில் திருப்பிப் பார்த்தால்? சொல்லாமல் இருந்தால் நாளைக்கு யார் மாடியில் நிற்பார்களோ. சொன்னால் இந்த முகம் போய்விடும்.

"அது மாத்திரை இல்லை," என்றாள். "திருகாணியை நான்தான் தளர்த்துனேன். ரெண்டு சுத்து."

அவர் அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு போர்வைத் துண்டின்மேல் மெதுவாக வைத்தார்.

"முறுக்கு."

அவள் முறுக்கினாள். அவர் எடுத்து ஒரு விரலால் இழுத்தார். விசை பாதி வந்து நின்றது. குழல் சுவரில் அங்குமிங்கும் அலைந்தது. இரண்டு விரல் போட்டார். சுத்தியல் விழுந்தபோது குழல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கத்ராவின் மருமகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"தோட்டா எங்கே?"

"என் மடியில."

"அங்கேயே இருக்கட்டும்," என்றார்.

மறுநாள் கூடாரத்தில் ஆட்டுக்கறி மன்ஸஃப் சோற்றுத் தாம்பாளங்கள் எடுத்துப் போனபின் ஆண்கள் வட்டமாக நின்றார்கள். "அபூ ஸாமில்! அபூ ஸாமில்!" என்று கைதட்டினார்கள். பெண்கள் பக்கம் திரையோரத்தில் நின்ற நவ்ஃபா, அங்கிப் பையிலிருந்த தோட்டாக்களை இறுக்கிப் பிடித்தாள். முத்லக்கின் இடுப்பில் உறை இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. மணப்பெண்ணின் தகப்பனுக்கு முன்னால் போய் நின்றார்.

"நான் ஒரு வீட்டுல காப்பி ஆறுற வரைக்கும் உக்காந்துட்டு வந்தவன்," என்றார். "என் மகன் கல்யாணத்துல இன்னொரு காப்பி ஆற வேண்டாம். நம்ம பசங்க யாரும் சுட மாட்டாங்க."

பின்வரிசையில் யாரோ, "பொம்பளை பேச்சைக் கேட்டுட்டு வந்திருக்கான்டா," என்றது தெளிவாகக் கேட்டது. முத்லக்குக்கும் கேட்டது. அவர் நடுங்கும் கையை நீட்டினார், எல்லாரும் பார்க்க. பெண்ணின் தகப்பன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

திரைக்குள் கத்ரா நவ்ஃபாவின் முழங்கையைக் கிள்ளினாள். "அண்ணன் கை எத்தனை நாளா இப்படி? எங்கிட்டகூட மறைச்சிருக்கியே, பாவி!"

அடுத்த வியாழக்கிழமை நவ்ஃபா போர்வையை விரிக்கவில்லை. முத்லக்தான் கேட்டார்.

"சுத்தம் பண்ணலியா?"

"சுடவே இல்லியே."

"எண்ணெய் காஞ்சுபோகும்."

அவள் விரித்தாள். தோட்டாக்களை மடியில் கொட்டி, அறைகளில் விரல் விட்டுப் பார்த்தாள். திருப்புளிக்காகப் பெட்டியில் கைவிட்டுத் துழாவினாள். காணோம். நிமிர்ந்தபோது அது அவருடைய முழங்காலுக்கடியில் இருந்தது.

"பிடிக்கு மட்டும்," என்று சொல்லி நீட்டினார். அவள் வேலை முடித்ததும் கை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டார்.