இடுப்பில் செருகிய திறப்பு

வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்க்கப் போகிறேன் என்று ஒழுங்கை முழுக்க வீடு வீடாக நானே சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை விழுங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் முன்னறையை விளையாட ஒதுக்கி எடுக்கவே மூன்று நாள் போயிற்று. கூரை வளையில் தொங்கிய விதை வெங்காயத்தை இறக்கி, வாசம் போகட்டும் என்று அறையை இரண்டு தரம் கழுவினேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசிப் பூசித்தான் எல்லாம்.

கனடாவில் இருக்கிற மகள் அனுப்பிய விளையாட்டுச் சாமான்களைத் துடைத்துக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கினேன். கரடி நடுவில், கார்கள் இரு பக்கமும். பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். நல்ல சாமானை எங்கள் வீடுகளில் அப்படித்தான் வைப்போம்.

முதலில் பார்க்க வந்தவள் பெரியாஸ்பத்திரியில் வேலை செய்கிற தாதி. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். அவள் பிள்ளையை விட்டால்தான் மற்றவர்களும் விடுவார்கள்.

அவளுடைய இரண்டு வயதுப் பெடியன் அலுமாரிக் கண்ணாடியில் கை இரண்டையும் வைத்து அதை நக்கினான்.

“அம்மா, உது விளையாடவோ, கும்பிடவோ?” என்று அவள் சிரித்தாள்.

“உடைச்சுப் போடுவினம் பிள்ளை.”

“உடைக்கத்தானே அம்மா இவன் வாறான்.” பிறகு மெல்லச் சொன்னாள்: “டவுணிலையும் ஒரு இடம் இருக்காம். அதையும் ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுறன்.”

எனக்குச் சுருக்கென்றது. திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்து, அலுமாரிக் கண்ணாடிகளைக் கழற்றி அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்தேன். சாமான் முழுவதையும் பாயில் இறக்கிவிட்டு நானும் கீழே இருந்தேன். இருந்த பிறகுதான் தெரிந்தது, எழும்ப முடியாது. முழங்கால் பிடித்துவிட்டது. என்னை நம்பிப் பிள்ளையை விடலாமா என்று யோசிப்பவளிடம் கை கொடு என்று கேட்பதா?

“போவமே தம்பி?” என்றாள் தாய்.

“அவசரப்படுத்தாதை பிள்ளை. அவன் விளையாடட்டும், நான் இருக்கிறன்.”

அவன் கார் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். அரை மணித்தியாலம் நான் அசையவில்லை. அவள் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உங்களுக்கு நல்ல பொறுமை அம்மா. திங்கள் கொண்டு வாறன்.”

“ஓம், வாங்கோ” என்றேன், இருந்த இடத்திலிருந்தே.

அவர்கள் போன பிறகு சுவரைப் பிடித்து எழும்பினேன். பிறகு குசினியில் நான் இருந்து காய் வெட்டுகிற கட்டை வாங்கை இழுத்துவந்து பாய்க்குப் பக்கத்தில் போட்டேன். அந்த அறையில் கடைசியாக வைத்தது அதைத்தான். யாரும் கேட்டால், பிள்ளைகள் ஏறி இறங்க என்று சொல்வேன்.