தொட்டியில் நீந்திய புழுக்கள்

கோவளத்தில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழுவுக்கு மருந்து போடுவது என் வேலை. திட்டு வாங்குவதும் அதில் சேர்த்திதான். ஆனால் அந்த வீட்டில் வாங்கியதுபோல் எங்கேயும் வாங்கியதில்லை. பிரசவத்துக்கு வந்த மகள் நிறைமாதமாக உள்ளே படுத்திருந்தாள். தெருவில் ஏற்கெனவே டெங்கு. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் மருந்து போட்டுவிட்டு அடுத்த முறை போனபோது, அவள் அம்மா வாசலிலேயே மறித்தாள்.

“இன்னா மருந்து போட்ட நீ? புழு ஜாலியா நீஞ்சிகினு கீது!”

“யக்கா, இது புழுவ சாவடிக்காது. கொசுவா மாற வுடாது, அவ்ளோதான்.”

“செத்தாதான் மருந்து. புள்ளத்தாச்சி பொண்ண வச்சிகினு வயித்துல நெருப்ப கட்டிகினு கீறேன், கத சொல்றியா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சின்னப் புழுவாகவே இரு என்று சொல்லும் ஒரு ஹார்மோன் அதன் உடம்பில் உண்டு. கொசுவாகும் காலத்தில் அது வற்ற வேண்டும். எங்கள் மருந்து அந்த ஹார்மோன் மாதிரியே நடித்து ஏமாற்றும். புழு நன்றாகத் தின்னும், நீந்தும், கூட்டுப்புழுவும் ஆகும். தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டிய நேரத்தில்தான் சாகும். இதையெல்லாம் வாசலில் நின்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

தொட்டித் தண்ணீரைப் புழுவோடு ஒரு கண்ணாடி டம்ளரில் கொண்டுவரச் சொன்னேன். கொசுவலைத் துண்டால் வாயைக் கட்டி அவள் ஜன்னலில் வைத்தேன்.

“இதுலேர்ந்து ஒரு கொசு பறந்தா நான் வேலைய வுட்டுடறேன்.”

சொன்ன பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. தினமும் அந்த வழியாகப் போய் ஜன்னலைப் பார்த்தேன். பின்பக்கம் மட்டும் அவள் என்னை விடவில்லை. புழுக்கள் சுருண்டு கூட்டுப்புழுவானபோது ஒரு நாளைக்கு இரண்டு முறை போய் எட்டிப் பார்த்தேன்.

ஒரு காலை, எல்லாம் பாதி கிழிந்த தோலோடு செத்து மிதந்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை. “யக்கா, வந்து பாருங்க!” என்று டம்ளரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அவள் பையில் துணி அடைத்துக்கொண்டிருந்தாள். மகள் நெற்றி கொதித்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ சொல்லியிருந்தார்கள்.

பின்பக்கம் போய்த் தொட்டி மூடியைத் தூக்கினேன். கொசுக்கள் குப்பென்று கிளம்பின. என்னோடு சண்டை போட்ட அன்றைக்கே மருந்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள். சுவரைத் தேய்க்கவில்லை. ஒட்டியிருந்த முட்டைகள் புதுத் தண்ணீரில் பொரித்துவிட்டன. காய்ச்சல் எந்தக் கொசுவால் என்று யாரால் சொல்ல முடியும்? அவளை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

ஆட்டோவில் ஏறும்போது அவள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

“நீ சொன்னது சரிதான். இப்ப சொல்லு, என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?”