மொக்கம்மாளின் மஸ்கட்

“இந்தா வெள்ளச்சி, நாளைக்கு நம்ம முறை. விடியாமயே வந்து யாரும் மோட்டார் ஸ்டார்டர்ல கைய வைக்க வேணாம்னு சொல்லு.”

வெள்ளச்சி ஓர் ஆடு. வாழைச்சருகை மென்றபடி நிற்கிறது. மொக்கம்மாள் சொன்னது அதற்கில்லை, வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் கொழுந்தனார் சின்னக்கருப்புக்கு. அவர் மட்டும் சளைத்தவரா! தன் பழைய டிவிஎஸ் வண்டியின் சீட்டைத் தட்டுகிறார். “ஏ வண்டி, போன வாரம் கரண்டு போன நேரத்த யார் கணக்குல சேக்குறதுன்னு கேளு.” இப்படி ஆடும் வண்டியும் பேசிப் பேசியே, சின்னமனூருக்குத் தெற்கே ஒரு கூட்டுக் கிணறு எட்டு வருடமாக இரண்டு வாழைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவருகிறது.

சேலைக்கு மேல் மறைந்த கணவரின் முழுக்கைச் சட்டை, அதன் பையில் போன், போனில் எந்நேரமும் செய்தி. இதுதான் மொக்கம்மாள். சீரியல் பக்கமே போக மாட்டார். “சீரியல்ல சும்மா சண்ட போடுறாக. இந்த வல்லரசுக போட்டா நம்ம வாழக்காயில்ல துபாய் போகாம கப்பல்ல நிக்கும்!”

கணவருக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்த அன்று தண்ணீர் முறை மொக்கம்மாளுடையது. துட்டி வீட்டில் யார் பாய்ச்சப் போகிறார்கள் என்று சின்னக்கருப்பு மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்டிருந்தால் மொக்கம்மாளே கொடுத்திருப்பார். கேட்கவில்லை. அதோடு பேச்சு நின்றது. ஆனால் எனக்குப் புல்லரிப்பது இதில்தான்: இத்தனை வருடத்தில் ‘அவன்’ என்று ஒரு தடவைகூட மொக்கம்மாள் வாயில் வந்ததில்லை. ஆட்டிடம் ஏசும்போதுகூட ‘அவுக’தான்!

போன சித்திரை பிறக்கிற நேரத்தில் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், அந்தக் காயில், எரிந்துபோனது. இரண்டு தோட்டத்திலும் வாழை தார் தள்ளி நின்றது. தண்ணீர் தள்ளிப்போனால் தாரோடு ஒடிந்து சாயும். உத்தமபாளையம் வைண்டிங் கடை விஜயகுமார் கறாராகச் சொல்லிவிட்டார். “பங்காளிக் கிணறு. ரெண்டு பேரும் சரின்னு சொல்லாம மோட்டாரத் தொட மாட்டேன். உங்க ஆடு வந்து சொன்னாலும் தொட மாட்டேன்க்கா.”

அன்றைக்குத்தான் செய்தியில் காட்டினார்கள். அமெரிக்காவும் ஈரானும் மஸ்கட்டில் பேசுகின்றன. ஒரே இடம், தனித்தனி அறை. ஓமன் அமைச்சர் இங்கேயும் அங்கேயுமாக நடந்து சேதி சொல்கிறார். மொக்கம்மாள் எழுந்தே நின்றுவிட்டார்.

“அட ஆத்தாடி! மூஞ்சியப் பாக்க ரெண்டு பேருக்கும் இஷ்டமில்ல. ஆனா பேச்ச விடல பாத்தியா! நம்மகிட்ட ஆடு, அவுககிட்ட ஆளு. அம்புட்டுத்தான்.”

மறுநாள் காலையில், களையெடுக்கும் பெண்களைக் கூட்டிவரும் ஜெபராணிதான் ஓமன். மோட்டார் ரூமுக்குக் கிழக்கே தென்னை நிழலில் மொக்கம்மாள். மேற்கே வேம்படியில் சின்னக்கருப்பு. மோட்டாரைச் சரிசெய்ய இருவருக்கும் சம்மதம். ஆனால் ஓடத் தொடங்கியதும் முதல் தண்ணீர் யாருக்கு?

“என்ன சொல்றாக?” என்றார் மொக்கம்மாள்.

“நீங்க சொல்றதத்தான் அவுகளும் சொல்றாக, மொதத் தண்ணி எங்களுக்குன்னு. எனக்குக் காலு கடுக்குது. ரெண்டு பக்கமும் மோரக் குடுத்து வயிறு வேற தளும்புது. அந்த ஓமன்காரக எப்பிடித்தான் தாங்குனாகளோ!”

மொக்கம்மாள் சிரிக்கவில்லை. “பயிருக்காகக் கேக்கலன்னு சொல்லு. எங்க வீட்டாளு போன பதினாறாம் நாளு எடுத்த தண்ணிக்காகக் கேக்குறேன்னு சொல்லு” என்றார்.

ஜெபராணி போய்ச் சொன்னார். சின்னக்கருப்பு வேப்பங்குச்சி ஒன்றைத் துண்டு துண்டாக ஒடித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “மதினிக்கே மொதத் தண்ணின்னு சொல்லு” என்றார். இந்தச் சேதிக்கு மட்டும் ஜெபராணி ஓடியே வந்தார்!

விஜயகுமார் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய், காயில் கட்டி, திரும்ப இறக்கினார். ஸ்டார்டரை அமுக்கியதும் தண்ணீர் தொட்டியில் விழுந்து, வாய்க்காலில் ஏறி, இரண்டு தோட்டத்துக்கும் பிரிகிற இடத்துக்கு நுரைத்துக்கொண்டு வந்தது. அங்கே மண்வெட்டியோடு மொக்கம்மாள். எதிர்ப்பக்க வாய்க்காலுக்குள் சின்னக்கருப்பு, தன் மடை அடைபட்டுத்தான் இருக்கிறதா என்று பார்த்தபடி. பேச்சு பேச்சுதானே, முதல் தண்ணீர் மதினிக்கு.

மொக்கம்மாள் ஈர மண்ணை வெட்டி அள்ளினார். தன் மடையை அடைத்தார். அடுத்த வெட்டில் சின்னக்கருப்பின் மடையைத் திறந்தார். பிறகு நிமிர்ந்து, எட்டு வருடம் கழித்து, நேருக்கு நேர் முகத்தைப் பார்த்தார்.

“கொழுந்தனாரே, தண்ணி வருது. காலத் தள்ளி வையிங்க.”

சின்னக்கருப்பு காலை நகர்த்தவில்லை. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த கைலியை, மதினி முன்னால், ஓடிவந்த தண்ணீருக்குள் நின்றபடியே, கணுக்கால்வரை இறக்கிவிட்டார்.