மூன்றாவது விடை

அந்தத் தொழில்நுட்பக் கல்லூரி நூலகத்தில் அவளுக்கு இன்டெக்ஸ் என்று பெயர். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கேட்டால் தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவாள். பதினாறு வருஷப் பழக்கம். நூலகத்தின் இணையதளத்தில் இருந்த ஆய்வு வழிகாட்டிப் பக்கங்களும் அவள் பொறுப்புதான். எந்தப் பாடத்துக்கு எதைப் படிக்கலாம், எங்கே எப்படித் தேடலாம் என்று மாணவர்களுக்குச் சொல்லும் பக்கங்கள். நீளநீளமாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். மாதத்துக்கு நாற்பது பேர் எட்டிப் பார்த்தால் அதிகம். அதிலும் பாதி அவளே.

புதிதாக வந்த தலைமை நூலகர் அவற்றைத் திறந்து பார்த்துவிட்டு, இதைப் படிக்கவே ஒரு வழிகாட்டி வேண்டும் போலிருக்கிறதே என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. வீம்பாக உட்கார்ந்து ஒன்றரை மாதத்தில் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினாள். சின்னச் சின்ன வீடியோக்கள், கடைசியில் ஒரு வினாடி வினா. தப்பான விடையை அமுக்கினால் சிவப்பாகப் பெருக்கல் குறி விழும், 'டொய்ங்' என்று சத்தமும் வரும்.

'இவற்றில் எது சரியான தேடல்?' என்ற கேள்விக்கு நல்ல தேடல்களை அவளே எழுதிவிட்டாள். மோசமானதை எழுதத்தான் கை வரவில்லை. எழுதியதெல்லாம் செயற்கையாக இருந்தது. சந்தேகம் கேட்பதற்கென்று முன்பே தளத்தில் ஓர் அரட்டைப் பெட்டி உண்டு. அதில் மாணவர்கள் கேட்டிருந்த பழைய கேள்விகளைப் புரட்டினாள். ஒன்றைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

'லிஃப்டில் ஏறினால் சில பேருக்கு மட்டும் மூச்சு முட்டுவது ஏன், அதற்கு மருத்துவப் புத்தகம் பார்க்க வேண்டுமா இல்லை லிஃப்ட் புத்தகம் பார்க்க வேண்டுமா தயவுசெய்து சொல்லவும்.'

கீழே அவளே கொடுத்திருந்த பதிலும் இருந்தது: முக்கியச் சொற்களை மட்டும் அனுப்பவும். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் பேச்சில்லை. கேட்டது யார் என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு எழுத்துகூட மாற்றாமல் மூன்றாவது விடையாகப் போட்டாள். விளக்க வீடியோவிலும் அதே வரியைச் சேர்த்தாள்.

அவள் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கணீரென்ற குரல். வீடியோவுக்கு அவரைத்தான் படிக்கச் சொன்னாள். முதலில் அவர் சாதாரணமாகத்தான் படித்தார். ஒன்றும் புரியாத ஆள் மாதிரி இழுத்து இழுத்துப் படிங்க என்று சொல்லிக் கொடுத்தது அவள்தான். அவர் இழுத்த இழுப்பில் இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

முதல் மாதமே மூவாயிரம் பேர் பார்த்தார்கள். ஆசிரியர்கள் வகுப்பிலேயே போட்டுக் காட்டினார்கள். தலைமை நூலகர் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார்.

மூன்றாம் மாதம் வினாடி வினாவின் பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். அந்தக் கேள்வியில் அநேகமாக எல்லாருமே தேறியிருந்தார்கள். ஒரே ஒரு மாணவர் எண் மட்டும் மூன்றாவது விடையையே ஒன்பது தடவை அமுக்கியிருந்தது. சரியான பிடிவாதக்காரன் என்று முதலில் சிரிப்பு வந்தது. தப்பு என்று தெரிந்த பிறகும் ஒருவன் ஏன் அதையே அமுக்குவான் என்ற யோசனை பிறகுதான் வந்தது. அரட்டைப் பெட்டியில் தேடினாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அதே எண்தான்.

உடனே கேள்வியையும் வீடியோவையும் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகும் மனசு ஆறவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. கணவரிடம் சொன்னபோது, நீ எழுதிக் கொடுத்ததைத்தானே படித்தேன் என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "நெஜமான ஆளு ஒருத்தர் கேட்டதுன்னு நீ சொல்லவே இல்லையே" என்றார்.

ஐந்து தடவை எழுதி அழித்து, ஒருவழியாக அந்த மாணவருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். சனிக்கிழமை மதியம் அவர் வந்தார். பகுதி நேரமாகப் படிப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையின் மேல் ஒரு லிஃப்ட் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது. மூன்றாவது மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது; அவர் படிக்கட்டில் வந்திருந்தார்.

தனி அறைக்கு அழைத்துப்போய், செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் தன் கைகளைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு மேடம். நாம கேட்டதைப் பாடத்துலயே போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். அதான் அதையே அமுக்கினேன். வேலை எடத்துல சத்தத்தை அணைச்சுட்டுத்தான் பார்த்தேன். தப்புன்னு வந்தது ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்."

நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு தொடர்ந்தார்.

"அப்புறம் வகுப்புல வீடியோ போட்டாங்க. அந்தக் குரல் வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மத்தவங்களை விடக் கொஞ்சம் சத்தமாவே சிரிச்சேன்."

மூச்சு முட்டுவது யாருக்கு என்று கேட்டாள். எனக்குத்தான் என்றார். இரண்டு வருஷம் முன்னால், பழுது பார்க்கப் போன இடத்தில் ஒன்றரை மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டாராம். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்டுல பயம்னு தெரிஞ்சா யாரு மேடம் வேலைக்கு வெச்சுக்குவாங்க?"

கடைசி வருஷ ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாமல் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தார். வீடியோவுக்குப் பிறகு தலைப்பை மாற்றிக்கொண்டார். லிஃப்ட் கம்பிகளுக்குப் போடும் எண்ணெய் பற்றி எழுதிக் கொடுத்தும் ஆகிவிட்டது.

அவள் அந்தக் கேள்வியை மறுபடி நினைத்துப் பார்த்தாள். மருத்துவப் புத்தகமா, லிஃப்ட் புத்தகமா? இரண்டையும்தான் பார்க்க வேண்டும். தான் தேடுவது இரண்டு அலமாரிகளில் பிரிந்து கிடக்கிறது என்று அந்த மனிதர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்திருக்கிறார். பதினாறு வருஷ இன்டெக்ஸ் அதற்கு 'டொய்ங்' போட்டிருக்கிறாள்.

எழுந்துபோய் இரண்டு பக்கமும் தேடி நான்கு புத்தகங்கள் எடுத்து வந்தாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆறு மாசம் முன்னால் கிடைத்திருந்தால் என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். ஒன்றை மட்டும், இருப்பதிலேயே ஒல்லியானதை, எடுத்துக்கொண்டார்.

"போகட்டும் விடுங்க மேடம்" என்றார். நான்கு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் மறுபடி படிக்கட்டுப் பக்கமே போனார்.

விஷயம் அத்தோடு முடியவில்லை. வேறு பதினொரு நூலகங்கள் அந்த வினாடி வினாப் பக்கத்தை நகலெடுத்துத் தங்கள் தளத்தில் போட்டிருந்தன. பெருமையோடு அனுமதி கொடுத்தவள் அவள்தான். எல்லாருக்கும் எழுதினாள். ஒன்பது இடங்களில் எடுத்துவிட்டார்கள். ஓரிடத்திலிருந்து பதிலே இல்லை. இன்னோரிடத்தில், எங்கள் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த கேள்வியே அதுதான், ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அந்த மாணவரின் கதையை அவள் சொல்ல முடியாது. வெகுநேரம் யோசித்து, 'ஒருவர் என்னை நம்பிக் கேட்டது அது. நான் அவருக்குப் பதில் சொல்லாமல், ஊரைக் கூட்டிச் சிரிக்க வைத்தேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்' என்று எழுதினாள்.

அடுத்த திருத்தத்தில் கவனிப்பதாகப் பதில் வந்தது. திங்கட்கிழமைதோறும் அவர்கள் பக்கத்தைத் திறந்து பார்க்கிறாள். இன்னும் எடுக்கவில்லை.