ஆறு இறாத்தல் தங்கூசியும் ஒரு லாச்சியும்

என் மனைவியின் தம்பிக்கு மொன்றியல் துறைமுகத்தில் ட்றக் ஓட்டும் வேலை. கோடையில் சனி, ஞாயிறு வந்தால் பாஸ் மீன் பிடிக்கும் போட்டிக்குப் போய்விடுவான். போட்டியில் படகுக்கு இரண்டு பேர் இருக்க வேண்டும். பருவத்தின் கடைசித் தகுதிப் போட்டிக்கு முதல்நாள் அவனுடைய கூட்டாளிக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"அத்தான், நீங்கள் சும்மா வந்து இருந்தால் காணும்," என்றான்.

எனக்கு மறுத்துச் சொல்லத் தெரியாது. சென்ட் லோரன்டில் மாத்திரைப் பெட்டி அடுக்கும் வேலையிலும் அப்படித்தான், யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவேன்.

அன்றைக்கு ஐந்து மீன் பிடித்துக்கொண்டுபோய் நிறுத்துக் காட்டினால் அவன் இறுதிப் போட்டிக்குப் போகலாம். மூன்று கோடையாக அது அவனுக்குக் கை நழுவிக்கொண்டிருந்தது.

காலையில் படகில் ஏறியதும் எனக்கென்று இரண்டு தூண்டில் தடிகளைக் காட்டினான். ஒன்றில் பதினாலு இறாத்தல் தாங்கும் தங்கூசி, நைலோன் தூண்டில் நூல். மற்றதில் ஆறு இறாத்தல். நான் தடித்த நூல் உள்ளதைத் தொட்டேன்.

"அதை வையுங்கோ. தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. தடிச்ச தங்கூசியைக் கண்டால் மீன் கிட்டவும் வராது."

"மெல்லிசு அறாதே?"

"இழுத்தால் அறும். ஓட விட்டால் அறாது. றீல் தானா நூல் குடுக்கும், நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். ஒண்டும் செய்யாமல் இருக்கிறது உங்களுக்குப் பழக்கம்தானே, அக்கா சொல்லுறவ."

அந்தப் போட்டியில் வலை பாவிக்கக் கூடாது. தடித்த நூல் என்றால் மீனை அப்படியே தூக்கிப் படகுக்குள் போட்டுவிடலாம். மெல்லிய நூல் அந்தப் பாரத்தைத் தாங்காது. மீன் களைக்கும்வரை ஓடவிட்டு, படகோடு ஒட்டி வந்ததும் கீழ்த்தாடைக்குள் பெருவிரலை வைத்துத் தூக்க வேண்டும். அது தன் வேலை என்றான்.

என் வேலை பெரும்பாலும் லாச்சி திறப்பதுதான். இருக்கைக்குக் கீழே அவனுடைய சாமான் பெட்டி, மூன்று லாச்சிகளோடு இருந்தது. "மேல் லாச்சியிலை ஈயக்குண்டு எடுங்கோ அத்தான்." "நடு லாச்சியிலை கத்தரிக்கோல்." ஊரில் மேசை இழுப்பறைக்குச் சொல்கிற அதே சொல். சின்ன வயதில் இங்கே வந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவனுடைய வாயில் அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு மணிக்குள் அவன் நான்கு மீன் பிடித்துவிட்டான். கரைக்குத் திரும்ப அரைமணி நேரம் இருக்கும்போது என்னுடைய தூண்டிலில் மீன் கடித்தது.

அது ஒருமுறை துள்ளி விழுந்தது. அவன் பிடித்த நான்கையும்விடப் பெரியது. தன் தடியைப் போட்டுவிட்டு வந்து, படகின் ஓரத்தில் முழங்காலில் இருந்து கையை நீட்டினான். மீன் கிட்ட வந்தது, எங்களைக் கண்டதும் திரும்பி ஓடியது. றீலிலிருந்து நூல் கிர்ரென்று போவதைக் கேட்டு எனக்குப் பயம் பிடித்துவிட்டது. எல்லாம் போய்விடப்போகிறது என்று றீலை இடது கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

"லாஷ்!" என்று கத்தினான். "லாஷ், அத்தான், லாஷ்!"

எனக்கு லாச்சி என்றுதான் கேட்டது.

எந்த லாச்சி என்று கேட்க நேரமில்லை. றீலை வயிற்றோடு அமத்திக்கொண்டு குனிந்து நடு லாச்சியை இழுத்தேன். கத்தரிக்கோலை எடுத்து அவனிடம் நீட்டும்போது டிக் என்று ஒரு சத்தம். வளைந்திருந்த தடி நிமிர்ந்துவிட்டது.

அவன் கத்தரிக்கோலைப் பார்த்தான்.

"இது என்னத்துக்கு?"

"நீதானே லாச்சி எண்டு கத்தினனி."

தடியை என்னிடமிருந்து வாங்கி அறுந்த நூலைச் சுற்றினான். பிறகு, "அது பிரெஞ்சு, அத்தான். விடுங்கோ எண்டு சொன்னனான்," என்றான்.

மிச்ச நேரத்தில் ஒன்றும் கடிக்கவில்லை. கரையில் நான்கு மீனையும் நிறுத்தபோது பக்கத்துப் படகுக்காரர்களிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். என்னைப் பற்றியா என்று தெரியவில்லை. நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது காருக்குள் சொன்னான்: "பிழை என்னிலைதான். தமிழிலை சொல்லியிருக்க வேணும். அவசரத்திலை எனக்கு மற்றதுதான் வருது."

"ஓம்," என்றேன்.

எந்தப் பாஷையில் சொல்லியிருந்தாலும் அந்த நேரம் என் கை விட்டிருக்காது. அதை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று மொன்றியலுக்குள் நுழையும் பாலம் முடியும்வரை யோசித்தேன். அதற்குள் அவன் றேடியோவைப் போட்டுவிட்டான்.