பின்வரிசையில் ஒரு கனத்த குரல்

எங்கள் பிளாக்கில் சேர்ந்து பாட ஒரு கூட்டம் இருந்தது. கூட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். குழு என்றால் ஏதோ ஒழுங்கு இருந்ததாக நினைத்துவிடுவீர்கள். எழுபதுகளின் நடுவில் நான் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து நெய்வேலிக்கு வந்தபோது, பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் ஓர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எல்லாரையும் பாட வைத்துக்கொண்டிருந்தார். ஸ்டோர்ஸில் கிளார்க், தஞ்சாவூர்ப் பக்கம். மதுரை, கோயமுத்தூர், குறிஞ்சிப்பாடி என்று ஊருக்கு ஒருத்தர் உட்கார்ந்திருப்போம். தான் எழுதிய பொங்கல் பாட்டில் 'வாழைப்பழம்' என்று ஒரு சொல்லை வைத்துவிட்டு அவர் பட்ட பாடு இருக்கிறதே! ஒருத்தர் வாய்க்கு 'வாளப்பளம்', இன்னொருத்தர் வாய்க்கு 'வாயப்பயம்'. கடைசியில் அதை எடுத்துவிட்டுக் கரும்பைப் போட்டார்.

எனக்குப் பாட்டு என்றால் உயிர். ஆனால் என் குரல் கனமானது. முதல் நாளே ஆர்மோனியக்காரர், "உங்க குரல் தனியாத் தெரியுதும்மா. பின்னால நின்னு கொஞ்சம் அடக்கிப் பாடுங்க" என்றார். குரல் என்றால் தெரியத்தானே செய்யும்? தெரியாமல் பாடுவதற்கு நான் எதற்கு? அன்றைக்கு நான் பாத்திரம் உருட்டிய உருட்டில் வீட்டுக்காரர் காபி கேட்கவே பயந்தார். ஆனாலும் வாரா வாரம் போனேன். என்றைக்காவது ஒருநாள் முதல் அடியை நான் தனியாக எடுக்க வேண்டும், மற்றவர்கள் என் பின்னால் வர வேண்டும். அந்த ஆசை வருஷக்கணக்காக எனக்குள் கிடந்து குதித்தது.

முதல் அடி எடுப்பவர் குறிஞ்சிப்பாடி அண்ணன். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்ப்பவர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை, மைக்கே வேண்டாம். ஆண்கள் எல்லாருக்கும் ஷிப்டு மாறிக்கொண்டே இருந்ததால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மைன்ஸில் அடுத்த ஷிப்டுக்கு வந்து இடத்தை வாங்கிக்கொள்ளும் ரிலீவர் வராமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. பாட்டிலும் அப்படித்தான். ஷிப்டு முடிந்து வருபவர், தன் அடியைப் பாடிக்கொண்டிருப்பவர் பக்கத்தில் வந்து நின்று, "ரிலீவ்" என்று மெல்லச் சொல்வார். உடனே இவர் நிறுத்திக்கொள்ள, அவர் அடுத்த அடியைப் பிடித்துக்கொள்வார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கல் விழாவில்தான் எங்களுக்கு முதல் தடவையாகப் பெரிய மேடை கிடைத்தது. நாலு மணிக்கு எங்கள் முறை. அண்ணனுக்கு முதல் ஷிப்டு. ரெண்டு மணிக்கு முடித்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊருக்குப் போன அவருடைய ரிலீவர் திரும்பவில்லையாம். அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடையில் நிற்கிறோம். ஆர்மோனியம் சுருதி கொடுத்துக்கொண்டே இருக்கிறது, யாரும் வாயைத் திறக்கவில்லை. கீழே விசில் பறக்கிறது. ஆர்மோனியக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். எனக்கு வந்ததே கோபம்! இத்தனை நாள் பாடியது இப்படி மரம் மாதிரி நிற்கவா? முன்னால் நின்றவர்களை விலக்கிக்கொண்டு மைக்கிடம் போனேன். அடக்காமல் எடுத்தேன்.

விசில் நின்றது. இரண்டாவது அடியில் எல்லாரும் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! உள்ளங்கால் வரைக்கும் சிலிர்த்தது.

இரண்டாவது சரணம் நடக்கிறது, மேடைப் படியில் தடதடவென்று சத்தம். அண்ணன்! தலையில் ஹெல்மெட், சட்டை முழுக்கக் கரி. பழக்கதோஷம், நேரே என் பக்கத்தில் வந்து நின்று, "ரிலீவ்" என்றார்.

என் வாயும் பழக்கதோஷத்தில் நின்றுவிட்டது. ஒரு மூச்சு இழுத்தேன். "முடியாதுண்ணே, இன்னைக்கு எனக்கு ஓவர்டைம்!" என்றேன். முன்னால் மைக் இருப்பது மறந்துபோயிற்று. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஷிப்டு பார்ப்பவர்கள், அவர்கள் வீட்டுக்காரிகள். சிரிப்பும் கைதட்டலும் அடங்கவே இல்லை. அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ பாடும்மா. நான் பின்னாடி நின்னுகினு பாடறேன்" என்று என் இடத்தில் போய் நின்றுகொண்டார். விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். கடைசி அடி வரைக்கும் நான்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பின்னால் போய் நின்றேன். ஆர்மோனியக்காரர் வாசிக்க ஆரம்பிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"முன்னால வாங்கம்மா. உங்களுக்கு எந்தச் சுருதி வசதி?" என்றார்.

அத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அடக்கிப் பாடியே பழகியவளுக்குத் தன் சுருதி எங்கே தெரியும்? கண்ணும் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"தெரியலையே. பாடிப் பாத்துருவோமா?" என்றேன்.