கிணற்றுத் தண்ணீர் ரிப்போர்ட்

கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதிய மனு அது. மலையாளத்தில் நாலே வரி. கொச்சியின் மட்டாஞ்சேரியில் அப்போது நான் குமாஸ்தாவாக இருந்த உள்ளாட்சி அலுவலகத்தில், என் மேசைக்கு முன்னால் குடையிலிருந்து மழைநீர் சொட்ட நின்றுகொண்டு டீச்சர் அதை நீட்டினார். எங்கள் தெருவின் பொதுக்கிணற்றிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்துப்போய் மாதம் ஒன்றாகிறது, அதன் முடிவைத் தெருக்காரர்கள் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. எழுத்துகள் பெரிதாக, ஒன்றையொன்று தொடாமல் இருந்தன.

அறுபதுகளின் தொடக்கம் அது. டீச்சர் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் குடியிருந்தார். பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். கணவர் பம்பாயில் வேலையாக இருந்தார். வீட்டில் அவரும் எட்டு வயது மகளும்தான். தெருவே டீச்சர் என்று கூப்பிட்டது. நான் அக்கா என்பேன்.

அவர் கேட்ட ரிப்போர்ட் ஒரு வாரத்துக்கு முன்பே வந்திருந்தது. தபாலைப் பிரித்துப் பதிவு செய்வது என் வேலை. ஆகவே அந்த அலுவலகத்தில் அதை முதலில் வாசித்தவன் நான்தான். குடிக்க ஏற்றதல்ல என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடிந்திருந்தது. ஹெட் கிளார்க்கிடம் கொண்டுபோனேன். அவர் கெட்ட மனிதரல்ல. விஷயம் வெளியே போனால் நாளைக்கே குழாய் கேட்டு ஜனங்கள் வாசலில் நிற்பார்கள், பதில் சொல்ல யாருமில்லை என்றார். கவுன்சில் கூட்டத்தில் வைத்த பிறகு பார்க்கலாம் என்று ஃபைலைக் கட்டிவிட்டு, “மீட்டிங் கழியாம ஆரோடும் பறயண்டா” என்றார். கூட்டம் முடியும்வரை யாரிடமும் சொல்லவேண்டாம் என்ற அந்த உத்தரவை நான் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினேன், என் வீட்டைத் தவிர. அன்று மாலையே மனைவியிடம், இனி அந்தக் கிணற்றில் எடுக்காதே, கடைவீதிக் குழாயிலிருந்து கொண்டுவா என்றேன். ஏன் என்று கேட்டாள். தூர் வாரப் போகிறார்கள் என்று பொய் சொன்னேன்.

மனுவுக்குப் பதில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று போயிற்று. அதை டைப் அடித்ததும் நான்தான். பத்து நாள் கழித்து அக்கா மறுபடி வந்தார். ரிப்போர்ட்டைக் காட்ட எனக்கு அதிகாரமில்லை என்றேன்.

“பேப்பர் வேண்டாம் தம்பி. கிணத்து வெள்ளம் நல்லதா, கெட்டதா? ஒரு வாக்கு சொன்னா மதி.”

தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை போதும் என்றார். அது என் நாக்கு நுனி வரை வந்தது. ஹெட் கிளார்க் தலை தூக்கிப் பார்த்தார். இன்னும் வரவில்லை அக்கா என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, நனைந்த குடையை விரித்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனார். என்னை நம்பித்தான் போனார்.

கூட்டம் இரண்டு முறை தள்ளிப்போனது. அதற்குள் தெருவில் காய்ச்சல் கிளம்பியது. டைபாய்டு என்றார்கள். பல வீடுகளில் பிள்ளைகள் படுத்து எழுந்தார்கள். அக்காவின் மகள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்தபோது பம்பாய்க்காரர் ரயிலில் வந்துகொண்டிருந்தார். தண்ணீர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அந்தச் சந்தேகத்தின் மறைவில் ஒளிந்துகொள்ள நான் பல வருஷம் முயன்றிருக்கிறேன்.

மரணச் சான்றிதழுக்கு அக்காவே வந்தார். அந்தக் காகிதத்துக்கு மட்டும் யாரும் தடை சொல்லவில்லை. அரை மணியில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. வாங்கி மடித்துக்கொண்டவர் நகரவில்லை.

“உன் பெண்டாட்டி குடத்தோட கடைவீதிக்குப் போறதைப் பார்த்தேன். அன்னிக்கே கேட்டிருக்கணும், கேக்கலை,” என்றார். பிறகு, “ரிப்போர்ட்டை நீ வாயிச்சிருந்தையா தம்பி?”

“வாயிச்சேன் அக்கா.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மறுமாதம் கவுன்சில் கூடியது. குடிக்க ஏற்றதல்ல என்று கிணற்றடியில் பலகை வைத்தார்கள். தூர் வாரப் போவதாக நான் சொன்னது பொய் என்று அன்று மனைவிக்குத் தெரிந்தது. சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போனவள், நெடுநேரம் வெளியே வரவில்லை.

அதன்பின் அக்கா சனிக்கிழமைதோறும் அலுவலகத்துக்கு வந்தார். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பதையெல்லாம் நின்று வாசித்து, நோட்டில் எழுதிக்கொண்டு போய், வாசிக்கத் தெரியாத பெண்களுக்குச் சொன்னார். ஒட்டாததைக் கேட்டு மனுப் போட்டார். பெரும்பாலும் மறுத்தோம். அவர் பள்ளுருத்திக்கு வீடு மாறிப்போகும்வரை இது நடந்தது. என் மேசையைத் தாண்டித்தான் போவார். ஆனால் மனுவை அடுத்த மேசையில் கொடுப்பார்.

இப்போது சட்டமே வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம், குறித்த நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். நல்லதுதான். அன்றே இருந்திருந்தால் என்று நண்பர்கள் சொல்லும்போது நானும் ஆமாம் என்கிறேன். ஆனால் என் வீட்டு வாசலுக்கும் அக்காவின் வாசலுக்கும் நடுவே பதினைந்து அடிகூட இருக்காது. ரிப்போர்ட்டைக் காட்டத்தான் எனக்கு அனுமதி வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.